கட்டிடத்துக்குப் பெயர் உண்டு, பெருக்குகிறவருக்கு?

2025 ஆகஸ்ட் மாதம் பதின்மூன்று நாட்கள் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்கள் வேலையை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. அதில் பெரும்பாலோர் பெண்கள், நம் சேரிகளிலிருந்தும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று சொல்லி அப்புறப்படுத்த உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவை ஒட்டி போலீஸ் அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. அந்த இரவை நாட்டுக்குக் காட்டியவை பெரும்பாலும் செல்போன்கள். கூட்டத்துக்குள் நின்ற மாணவர்களும் தோழர்களும் தொழிலாளர்களும் எடுத்த, ஆடிப்போன, வெளிச்சம் சரியில்லாத படங்கள்.

அதே ரிப்பன் மாளிகையின் வேறு படங்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சுதந்திர தினத்துக்கு மூவர்ண விளக்கு போட்டு ஜொலிக்கும் படம், மழைக்குப் பின் நீல வானத்தின் முன் வெள்ளை வெளேர் என்று நிற்கும் படம், எதிரே சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டோடு சேர்த்து எடுத்த படம். எல்லாமே அழகான படங்கள்தான். கட்டிடத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்: 1909-இல் தொடங்கி 1913-இல் திறந்தது, வடிவமைத்தவர் ஹாரிஸ், கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய், பெயர் வைசிராய் ரிப்பனுடையது. சுண்ணாம்பு அரைத்தவர் பெயர், சாரத்தில் ஏறியவர் பெயர் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நூறு வருஷம் கழித்து அந்த வாசலில் உட்கார்ந்தவர்களைச் செய்திகள் என்ன பெயர் சொல்லி அழைத்தன? "போராட்டக்காரர்கள்". ஒப்பந்ததாரர் பெயர் அன்றும் தெரிந்தது, இன்றும் தெரிகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், நம் தம்பி தங்கைகள் கையில் இன்று நல்ல கேமராக்கள் இருக்கின்றன. காட்சித் தொடர்பியல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போட்டோ வாக் போகிறவர்கள் இருக்கிறார்கள். ராயபுரம் ஸ்டேஷன், மதுரைக் கோபுரம், மாமல்லபுரம், ஊட்டி ரயில், உழைப்பாளர் சிலை என்று எடுக்கிறார்கள். அதோடு துப்புரவுத் தொழிலாளி, மீன்காரம்மா, செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று உழைப்பையும் எடுக்கிறார்கள். எடுங்கள். எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி. ஆனால் எப்படி எடுப்பது, எடுத்ததை என்ன செய்வது என்பதில் எங்களுக்குக் கறாரான கருத்து உண்டு. கேமரா நமக்குப் புதிது. நம்மைக் கேமரா பார்ப்பது புதிதல்ல.

லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1858-இல் மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். காகித நெகட்டிவ், பெரிய பெட்டிக் கேமரா. ஒரு படத்துக்கு நீண்ட நேரம் வெளிச்சம் விட வேண்டும், அதற்குள் நடந்துபோகிற ஆள் புகையாக மறைந்துவிடுவார். அதனால் அவருடைய கோயில்களில் ஆளரவமே இருக்காது. தூண்கள், கோபுரம், குளம் மட்டும். மதுரையில் அவருடைய கேமரா பொற்றாமரைக் குளம் வரை போயிருக்கிறது. கோயில் கட்டிடக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் படங்களைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடத் தகுந்தவைதான். ஆனால் நாம் அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதே மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் அழைத்துப்போன அந்தக் குழுவில் கக்கனும் இருந்தார். 1858-க்கும் 1939-க்கும் இடையே 81 வருஷம். வெள்ளைக்கார அதிகாரியின் பெட்டிக் கேமரா போன இடத்துக்கு, ஊருக்கு நெல் விளைவித்தவர்கள் போக 81 வருஷம் பிடித்தது. அந்தப் படங்களில் ஆள் இல்லாததற்கு ரசாயனம் ஒரு காரணம். நம் ஆள் இல்லாததற்கு வேறு காரணம்.

மனிதர்களைப் படம் எடுக்கத் தொடங்கியபோது என்ன நடந்தது? 1868-இல் தொடங்கி 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்று ஒரு படத்தொகுப்பை ஆங்கில அரசு வெளியிட்டது. படத்துக்குக் கீழே சாதிப் பெயர், அந்தச் சாதியின் குணம் இன்னது என்று ஒரு குறிப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். காலிப்பர் வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அந்தத் தொகுதிகளின் படங்களில் நம் பாட்டன் பூட்டன் நிற்கிறார்கள், பெயர் கிடையாது, சாதிதான் பெயர். அரும்பொருள் போல எடுக்கப்பட்டவர்கள்.

இதைவிடக் கொடுமை 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நடந்தது. ஹூப்பர் என்ற அதிகாரி மதராஸ் மாகாணத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அரசு நிவாரண வேலை என்று பக்கிங்காம் கால்வாயை வெட்டவைத்தது. கூலி என்னவென்றால், ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஒரு அணா. அதே நேரத்தில் ரயில் வண்டிகள் தானியத்தை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடின, கப்பல் ஏறி வெளியே போனது. ஹூப்பரின் படங்கள் இன்றும் பஞ்சம் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் வருகின்றன. அந்தத் தானிய வண்டி அந்தப் படங்களில் வராது. பசியைப் படம் எடுப்பது சுலபம், பசியை உண்டாக்கியவனைப் படம் எடுப்பதுதான் கஷ்டம். நம் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

சரித்திர இடங்களுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகாத கல்லூரிச் சுற்றுலா உண்டா? விமானத்தின் அடிப்பகுதியில் சுவர் முழுக்க எழுத்து. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம், எழுத்தைப் படிப்பதில்லை. ராஜராஜன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைச் சொல்லி, அந்த ஊர்களில் வரி இல்லாத நிலம் எதெது என்று பட்டியல் போடுகிற இடம் உண்டு. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்லில், அழகான எழுத்தில், தீண்டாச்சேரி. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. நாம்தான் கேமராவை மேலே தூக்கி விமானத்தை எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் அந்தச் சுவர் சொல்கிறது. தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர் ஒவ்வொன்றாக, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. அதாவது பெயர் எழுத வேண்டும் என்று நினைத்தால் கல்லிலேயே எழுத முடியும், இடம் போதவில்லை என்ற பேச்சு கிடையாது. கல்லை இழுத்து வந்தவர்களுக்கு அந்த எண்ணம் யாருக்கும் வரவில்லை. இன்று நம் இன்ஸ்டாகிராமில் எழுத இடம் தாராளமாக இருக்கிறது, அதில் "உழைப்பின் வியர்வை" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்கிறோம். அந்த அம்மாவின் பெயர் எங்கே? அவர் விரும்பவில்லை என்றால் சரி. கேட்கவே இல்லை என்றால்?

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ரயிலைப் படம் எடுக்கிற ஆர்வலர் கூட்டம் தமிழ்நாட்டில் பெரிது. எந்த இன்ஜின், எந்த ஷெட், எந்த வளைவில் நின்றால் பெட்டி முழுவதும் வரும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய வண்டிதான் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில், அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் பாதை போட்டார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல்சக்கரத் தண்டவாளம், நீராவி, குகை, பாலம், தேயிலைச் சரிவு. படம் எடுக்காமல் யாராலும் வர முடியாது.

அந்தப் படங்களில் பாதை எப்போதும் காலியாக இருக்கும். ஓரத்தில் ஆரஞ்சு சட்டை போட்ட ஒருவர் நின்றால், "ஃப்ரேமைக் கெடுத்துவிட்டார்" என்று வெட்டி எடுத்துவிடுவார்கள். அவர் கீமேனாக இருக்கலாம். தினமும் தன் பங்குக்கு உரிய தூரத்தை நடந்தே போய், கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி, போல்ட்டை முடுக்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வருகிறவர். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சிவப்பு பச்சைக் கொடிகளும், பையில் ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்த டெட்டனேட்டரும் இருக்கும். மழைக்காலத்தில் ராத்திரியில் தனியாக ரோந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 60 கிலோ, கான்கிரீட் ஸ்லீப்பர் ஒன்று கால் டன்னுக்கு மேல். இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் ஜல்லியைத் தள்ளிக் கடப்பாரை போடுகிற கேங் இன்னும் இருக்கிறது. அடுத்த தண்டவாளத்தில் வண்டி வரும் சத்தத்தில் இந்தத் தண்டவாளத்து வண்டி கேட்காமல் போய் அடிபட்டுச் சாகிறவர்கள் இவர்கள். ரயிலை நேசிக்கிற ஒருவர் இவரை ஃப்ரேமைவிட்டு வெட்டினால், அவர் நேசிப்பது எதை என்று எங்களுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இன்னும் கீழே ஒருவர் இருந்தார், அவரைப் பயணிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பியும் இருக்கிறார்கள். பெட்டியிலிருந்து மலம் நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்தில், ஸ்டேஷனில் அதைத் துடைப்பமும் தண்ணீர்க் குழாயும் வைத்துக் கழுவியவர்கள். நம் அக்காமார்கள், அம்மாமார்கள், ஒப்பந்தக் கூலிக்கு. பயோ டாய்லெட் வந்த பிறகு அந்தக் காட்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறைந்தது நல்லதுதான். ஆனால் எவ்வளவு காலம் எத்தனை பேர் அதைச் செய்தார்கள் என்பதற்கு நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது? டெல்லியின் ரயில் அருங்காட்சியகத்தில் மகாராஜாக்களின் சலூன் பெட்டி இருக்கிறது. அந்தத் துடைப்பத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் படம் எடுக்கும் விதத்தையே அது மாற்றும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், யார் மலம் அள்ளும் தொழிலாளர் என்று சொல்லும் இடத்தில் ரயில் தண்டவாளத்தையும் வெளிப்படையாகச் சேர்த்தது. சந்தோஷப்பட வேண்டாம். அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புக் கவசங்களோடும் ஒருவர் மலத்தைச் சுத்தம் செய்தால் அவரை அப்படிக் கருத முடியாது என்று அடியிலேயே ஒரு விளக்கம் வைத்தது. ரயில் பெட்டிக் கழிப்பறைக்கும் இதே மாதிரி ஒரு விலக்கு உண்டு. பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க் விஷயத்திலும், பாதுகாப்புச் சாதனம் கொடுக்காமல் ஆளை இறக்கினால்தான் அது சட்டப்படி 'அபாயகரமான சுத்தம் செய்தல்'.

இதன் அர்த்தம் புரிகிறதா? ஒரு ஜோடி கையுறை படத்தில் தெரிகிறதா இல்லையா என்பதில் ஒரு வழக்கே தொங்குகிறது. அதிகாரி ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் கையுறையும் பூட்ஸும் மாஸ்க்கும் எடுத்துக் கொடுத்து வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, மறுபடி வாங்கி அலமாரியில் பூட்டுகிற வித்தையைத் தொழிலாளர்களிடம் பேசிப்பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் படம் ஃபைலில் இருக்கும். நம்முடைய படம் எங்கே? முதல் தடவை இந்தக் குற்றத்தைச் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. தண்டனை அடைந்தவர்களைத் தேடத்தான் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது.

சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டது. பெஜவாடா வில்சனும் தோழர்களும் ஊர் ஊராகப் போய் உலர் கழிப்பிடங்களையும் அதில் வேலை செய்தவர்களையும் படத்தோடு பதிவு செய்து, 2003-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் மாநிலத்தில் அப்படி ஒன்றுமே இல்லை என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் போட்டன. இல்லை என்று சொன்னதற்கு எதிரே படங்களும் வாக்குமூலங்களும் நின்றன. 2014 மார்ச் 27 தீர்ப்பு வந்தது, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் என்றது, தண்டவாளத்தில் மலம் அள்ளுவதைக் காலக்கெடு வைத்து நிறுத்தச் சொல்லி ரயில்வேக்கும் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று இன்னொரு தீர்ப்பில் அது முப்பது லட்சமாகியது. ஆனால் காசு கைக்கு வர வேண்டுமானால், அவர் அந்தக் குழியில்தான், அந்த வேலைக்காகத்தான், அந்த ஒப்பந்ததாரர் சொல்லித்தான் இறங்கினார் என்று காட்ட வேண்டும். "வழுக்கி விழுந்துவிட்டார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வரி. அதற்கு எதிரான படம் எது? இறந்தவரின் முகம் இல்லை. திறந்து கிடக்கும் மூடி, பக்கத்தில் நிற்கும் லாரியின் எண், கட்டிடத்தின் பெயர்ப்பலகை, கயிறு, வாளி, கழற்றி வைத்த செருப்பு, இல்லாத ஆக்சிஜன் சிலிண்டர். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், தெருமுனை தெரிய ஒரு படம்.

எடுத்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், எடுத்த நேரம் இடம் எல்லாம் போய்விடும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், போனையும் பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும், பழைய 65பி-யின் இடத்தில் வந்தது இது. கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். எடுத்தவர் யார் என்றே தெரியாத, நாலாவது கை மாறிய படம் நீதிமன்றத்தில் நிற்காது. பொதுவெளியில் போடுகிற பிரதி வேறு. அதில் இடக்குறிப்பை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும், தொழிலாளியின் வீட்டைத் தேடி யாரும் போய்விடக் கூடாது.

கேமரா நம் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் அந்தப் பையன் கடைசியாக இருந்ததைக் காட்டியது கோயிலின் சிசிடிவி. முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். காட்சிப்பதிவு பிறழவில்லை. 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2023-இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. சரித்திரப் புகழ்பெற்ற மலைக்கோயில்தான், ஆயிரக்கணக்கான பேர் படம் எடுத்துப்போகிற இடம்தான். கலை நோக்கம் எதுவும் இல்லாத, தூணில் மாட்டிய ஒரு கேமரா எடுத்ததுதான் எங்களுக்கு அந்தக் கோயிலின் முக்கியமான படம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்தில் வந்த 15ஏ(10) பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதைக் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடம் இன்னும் வேர்விடவில்லை.

இனி சங்கடமான விஷயம். மலக்குழிக்குள்ளிருந்து எடுத்த உடலின் படத்தை நம் தோழர்களே பகிர்கிறார்கள். கோபத்தில்தான் செய்கிறார்கள். "உலகம் பார்க்கட்டும்" என்பார்கள். உலகம் பார்த்துவிட்டு அடுத்த ரீலுக்குப் போகிறது, அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை யாருடைய போனிலோ பார்க்கிறது. எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையனை 1955-இல் மிசிசிப்பியில் அடித்துக் கொன்றபோது, சவப்பெட்டியைத் திறந்து வைப்பேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று சொன்னது அவனுடைய தாய். ஜெட் பத்திரிகை அந்தப் படத்தைப் போட்டது, அமெரிக்கக் குடியுரிமை இயக்கத்தைத் தூண்டிய படங்களில் அது ஒன்று. இதை நம் ஆட்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். தாய் முடிவெடுத்தார் என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு குடும்பத்துக்குரியது, நமக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும்.

உயிரோடு இருப்பவர் விஷயத்திலும் அப்படித்தான். ஒப்பந்தத் தொழிலாளியின் முகம் தெரிய, கையுறை இல்லை என்று எழுதி ஒரு படம் பரவினால், கான்ட்ராக்டர் கையுறை வாங்க மாட்டார், மறுநாள் வருகைப் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயரை எடுப்பார். நமக்கு நூறு லைக், அவருக்கு வேலை போச்சு. கையைத் தனியாக எடுக்கலாம், முதுகுப்பக்கம் எடுக்கலாம், வண்டியை எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்து பேசலாம். "அக்கா, இதை எங்கே போடப்போறேன்னா..." என்று சொல்லிவிட்டு எடுக்கலாம். வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

பேசினால் இன்னொன்றும் தெரியவரும். "இருப்பா, வேலை முடியட்டும், குளிச்சிட்டு வேற சேலை கட்டிட்டு வரேன், அப்ப எடு" என்பார்கள். படிக்காதவர்கள், ஆவணப்படம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் என்று நம் காட்சித் தொடர்பியல் மூளை நினைக்கும். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். தாத்தா பாட்டி ஸ்டுடியோவுக்குப் போய், மாளிகை வரைந்த திரைக்கு முன்னால், இரவல் வாட்சு கட்டி எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கும். பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட பாபாசாகேப். அழுக்கில்லாமல், நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்க்கும் அந்த மரபும் நம்முடைய புகைப்பட வரலாறுதான். நமக்குச் சேறு வேண்டும், அவருக்குச் சேலை வேண்டும் என்றால், இரண்டையும் எடுப்போம். சேற்றுப் படம் வழக்குக்கு. சேலைப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுப்போம். இதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. எத்தனை விருதுப் படங்களின் பிரிண்ட் படத்தில் இருப்பவர் வீட்டில் இருக்கிறது என்று ஒரு கணக்கெடுத்தால் பலருக்கு வெட்கமாக இருக்கும்.

படத்துக்காகக் காலைக் கழுவிய கதையும் இருக்கிறதே. 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார், எல்லாக் கோணத்திலும் படம் வந்தது. 2014 அக்டோபர் 2 அன்று பளபளக்கும் துடைப்பங்களோடு நின்றார்கள். கொரோனாவில் மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள். துப்புரவுத் தொழிலாளர் என்று சொல்லாதே, தூய்மைப் பணியாளர் என்று சொல் என்றார்கள், சொல்கிறோம். அந்த எல்லாப் படங்களிலும் ஒரு ஒற்றுமை உண்டு: சம்பளச் சீட்டு எதிலும் தெரியாது. கழுவப்பட்ட கால் மறுநாள் எந்தக் குழியில் நின்றது என்று பின்தொடர்ந்து போகிற கேமராதான் நமக்கு வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்து போனவர்கள் இருக்கிறார்கள். மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வருஷக்கணக்கில் எடுத்த சுதாரக் ஓல்வே நம்மவர், 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தமிழ்நாட்டில் பழனிக்குமார். மதுரைப் பக்கத்துக் கிராமம், மீன் விற்று வளர்த்த அம்மா. 2017-இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 'பாரி' தளத்தில் அவருடைய படங்கள் கிடைக்கின்றன. அவர் படங்களில் குழியில் இறங்கிய உடல் மட்டும் வருவதில்லை, வீட்டில் காத்திருக்கும் மனைவி வருகிறார், படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை வருகிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமரா பழக்கிக்கொண்டும் இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பாருங்கள். அம்மா வேலைக்குக் கிளம்பும் விடியற்காலையை வெளியாள் எவராலும் அந்தக் கோணத்தில் எடுக்க முடியாது, ஏனென்றால் அது பாயில் படுத்துக்கொண்டு பார்க்கிற கோணம்.

டிசம்பர் 25 வருகிறது. கீழ்வெண்மணிக்கு வண்டி வண்டியாகப் போவோம். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 1968-இல் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த இடம். 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நினைவிடத்தின் முன் முஷ்டி உயர்த்திப் படம் எடுப்போம், அது இருக்கட்டும். இந்த வருஷம் போகிற மாணவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒருநாள் முன்னதாகப் போங்கள். தெருவையும் வீடுகளையும், வாய்க்காலையும் எடுங்கள். வயலில் இப்போது யார் நிற்கிறார், இயந்திரம் எவ்வளவு, ஆள் எவ்வளவு, நாற்று நடவுக்கு இன்று கூலி என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை நேரில் பார்த்த பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருப்பவர்கள் அனுமதித்தால் அவர்களை, அவர்கள் விரும்புகிற சட்டையில், அவர்கள் சொல்கிற இடத்தில் உட்காரவைத்து எடுங்கள். படத்தின் பின்னால் பெயர், வயது, தேதி, எடுத்தவர் பெயர் நான்கையும் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தாமல் எழுதுங்கள், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பொங்கலுக்குள் பிரிண்டை அவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள்.